மொறிஸ் கார்க் கண்காட்சிக்கு வன்னியிலிருந்து புறப்படுவோருக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

மொறிஸ் என்ற பெயரில் கார் செய்வது 1984இல் நின்றுபோனது. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓலைக் கொட்டில்களுக்குள் மொறிஸ் கார்கள் இன்னும் நிற்கின்றன. சில ஓடுகின்றன, சில ஓடக் காத்திருக்கின்றன. பழைய கார்களுக்கான கண்காட்சிகள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் அண்டியே நடக்கின்றன. மொறிஸுக்கென்றே ஒரு கண்காட்சி அறிவிக்கப்பட்டால், வன்னியிலிருந்து போவதற்குத் தூரம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, 'எங்கள் கார் அங்கே நிறுத்தும் தரத்தில் இல்லை' என்ற தயக்கம்.

இந்த வழிகாட்டி அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே எழுதப்படுகிறது. பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய, காட்டுப் பாதைகளில் இடம்பெயர்ந்த, கிடைத்த தகரத்தால் ஒட்டுப்போட்ட ஒரு வன்னிக் கார், பளபளக்கும் கொழும்புக் கார்களுக்குப் பக்கத்தில் நிற்க முழுத் தகுதி உடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கார் இல்லாதவர்களும் போகலாம். அவர்களுக்கான குறிப்புகளும் இதில் இருக்கின்றன.

முதலில் மொறிஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே தயாரிப்புக்கான கண்காட்சியில் ஐம்பது கார்கள் நின்றால், தெரியாத கண்ணுக்கு ஐம்பதும் ஒன்றுதான். தெரிந்த கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு. போகுமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

வில்லியம் மொறிஸ் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் சைக்கிள் திருத்தி விற்றவர். 1912இல் கார் நிறுவனம் தொடங்கினார். முதல் கார் 1913இல் வந்தது. ஒக்ஸ்போர்ட்டை ஒட்டிய கௌலியில் பெரிய தொழிற்சாலை வளர்ந்தது. 1952இல் மொறிஸும் அதன் நெடுநாள் போட்டியாளரான ஒஸ்ரினும் இணைந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஆகின. 1968இல் அது பிரிட்டிஷ் லேலண்டுக்குள் அடங்கியது. பிறகு வந்த மரீனா, ஐரல் ஆகிய கார்களோடு பெயர் தேய்ந்து முடிந்தது. கௌலியில் இன்று மினி கார்கள் உற்பத்தியாகின்றன.

நம் நாட்டில் மொறிஸ் என்றால் பெரும்பாலும் மைனர்தான். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், ஒக்டோபர் மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். சோதனைக் காலத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் நுளம்பு. நிறுவனத் தலைவர் மொறிஸுக்கே முதலில் அது பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை போலிருக்கிறது என்று சொன்னதாகக் குறிப்பு உண்டு. ஆனால் 1960ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் எதுவும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. மொத்தத்தில் 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியாகின.

மைனரை இனங்காண முன்கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். நடுவில் கம்பி போட்டு இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தையது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தைய மொறிஸ் 1000. அடுத்து முன்விளக்குகள். மிக ஆரம்பகாலக் கார்களில் அவை கீழே, கிறில்லுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும். பிறகுதான் மட்காட்டின் மேலே ஏறின. தாழ்ந்த விளக்குக் கார் ஒன்று திடலில் நின்றால் நேராக அங்கே போங்கள். அதன் பம்பரின் நடுவில் ஒரு துண்டு செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உற்பத்திக்குச் சற்று முன்னர், கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று இசிகோனிஸுக்குத் தோன்றவே, பரிசோதனை வண்டியை நெடுக்காக வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்திருந்ததால் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு வைத்தார்கள். பொனற்றின் நடுவில் நீளமாக ஓடும் தட்டையான பட்டையும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான்.

எஞ்சின்களை அளவால் நினைவில் வைத்திருங்கள்: 918, 803, 948, 1098 சிசி. கடைசியானது 1962இல் வந்தது. கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து சின்னக் கை வெளியே நீண்டு திருப்பத்தைக் காட்டினால், கார் 1961க்கு முந்தையது என்று கொள்ளலாம். மரச்சட்டம் தெரியும் ரவலர் வகையில் அந்த மரம் அலங்காரமல்ல. பின்பாதியைத் தாங்குவதே அதுதான். உளுத்துப்போனால் கார் போனது.

மொறிஸ் ஒக்ஸ்போர்டையும் தேடிப் பாருங்கள். அதன் மூன்றாம் தொடரின் அச்சுகள்தான் இந்தியாவுக்குப் போய் அம்பாசடர் ஆயின. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானது. ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் செய்தி அல்ல, உதிரிப்பாகத்துக்கான வழி.

இலக்கத் தகட்டையும் வாசியுங்கள்

இலங்கையில் நடக்கும் கண்காட்சியில் வேறு எந்த நாட்டிலும் கிடைக்காத ஒரு பாடம் இது. சீ.எல்., ஈ.எல். போன்ற ஆங்கில எழுத்துகளோடு தகடு இருந்தால் அந்தக் கார் 1957க்கு முன் பதிவானது. 1957 ஜனவரியிலிருந்து சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் தகடுகளில் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். 1958இல் வடக்குக்கு அனுப்பப்பட்ட புதிய பஸ்களின் ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் அந்த ஆண்டு ஏப்ரலில் கிழிந்தது. மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. 1957, 58இல் பதிவான ஒரு மைனரின் தகட்டைப் பார்க்கும்போது அந்தக் காலம் கண்முன் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைவிட நன்றாக மனதில் பதியும்.

காருடனா, கார் இல்லாமலா?

பார்வையாளராக மட்டும் போவதென்றால் ரயில் போதும். கிளிநொச்சி வரை ரயில் 2013இல் திரும்பவும் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு யாழ்ப்பாணம் வரை நீண்டது. இரவு ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்; அதில் ஏறினால் காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். வார இறுதிக்கான ஆசனங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். கண்காட்சித் திகதி தெரிந்தவுடன் பதிவுசெய்யுங்கள்.

காருடன் போக விரும்பினால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த சில மாதங்களில் இந்தக் கார் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய் அதே நாளில் சிக்கலின்றித் திரும்பியிருக்கிறதா? ஒரு வழி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதைச் செய்யாத கார் கொழும்புவரையான 330 கிலோமீட்டரைச் செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படியானால் சிறிய லொறியில் ஏற்றிச் செல்லுங்கள். சாய்தளம் இல்லாத இடத்தில், லொறியின் பின்பக்கத்தை மண்மேட்டோடு அணைத்துப் பலகை போட்டு ஏற்றும் முறை நம்மவர்களுக்குப் பழக்கமானது. கட்டும்போது பம்பரில் கட்டாதீர்கள். சில்லுகளையும் அச்சையும் பட்டியால் இழுத்துக் கட்டி, நான்கு சில்லுகளுக்கும் மரக்கட்டை கொடுங்கள். லொறியில் வந்த கார் மதிப்புக் குறைந்தது என்று யாரும் நினைப்பதில்லை.

ஆவணங்கள்

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் கேட்கக்கூடும்.

வன்னியில் சிக்கல் வருவது பதிவுப் புத்தகத்தில்தான். 2009இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு ஆவணங்களை இழந்தவர்கள் ஏராளம். கார் தப்பி, புத்தகம் தொலைந்த குடும்பங்கள் உண்டு. புத்தகம் பத்திரமாக இருந்து, கார் முள்ளிவாய்க்காலில் எரிந்துபோன குடும்பங்களும் உண்டு. புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை நாடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் வண்டியிலுள்ளதும் ஒன்றா என்று பார்த்து, வேறாக இருந்தால் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நாள் எடுக்கும். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது.

காரைத் தயார்செய்தல்

இங்கே பொறுமையாக இருங்கள். மைனர் எளிமையான வண்டி. ஆனால் அதற்கென்று சில குணங்கள் இருக்கின்றன.

முதல் வேலை முன்சில்லுகள். மைனரின் முன்சில்லைத் தாங்கும் நிலைக்கம்பியின் மேலும் கீழும் மரைபோட்ட பூட்டுகள் இருக்கின்றன, ரனியன் என்பார்கள். கீழே உள்ளது தேய்ந்தால் ஒரு நாள் மரை கழன்று சில்லு வெளிப்பக்கமாக மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் அது நடக்கிறது. ஆனால் ஏ-9 நெடுஞ்சாலையில் நடந்தால் உயிராபத்து. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லின் அடியில் கம்பி கொடுத்து மேலே நெம்பிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் மாற்றாமல் புறப்படாதீர்கள். அசைவு இல்லையென்றாலும் பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதிய கிறீஸ் அடியுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்பது நல்ல வழக்கம். நம்முடைய கிறவல் ஒழுங்கைகளில் ஓடும் காருக்கு அதைவிட அடிக்கடி அடிக்க வேண்டும், ஏனென்றால் கிறவல் தூசியும் கிறீஸும் சேர்ந்தால் மரையை அரைத்துவிடும்.

இரண்டாவது பிரேக். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கண்ணில் படாததால் பலர் மறந்துவிடுகிறார்கள். விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து திரவத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் முழுவதையும் வடித்துப் புதியதை நிரப்புங்கள். நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்தான். முன்னால் போகும் பஸ் சட்டென்று நிற்கும்; உங்கள் கார் நிற்காது. இந்த உண்மையை மனதில் வைத்து இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது குளிர்ச்சி. 918 சிசி எஞ்சின் கொண்ட ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலும் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, அந்தச் சுழற்சியிலேயே எஞ்சின் குளிர்கிறது. திறந்த வீதியில் அது போதும். கொழும்பு நெரிசலில் போதாது. எந்த எஞ்சினாக இருந்தாலும் ரேடியேற்றரைப் பின்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே நம் கார்களின் உட்குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள்.

நான்காவது, ஒரு காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கு மட்டும். மண்ணெண்ணெய்க்காக எஞ்சினின் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளி வைத்திருப்பார்கள். பெற்றோலில் அப்படியே ஓடினால் இழுவை குறையும், சூடு ஏறும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எரிபொருள் தாங்கியைக் கழற்றி அடியிலுள்ள கசடைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் எரியாமல் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும் என்பதால், எஞ்சின் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களுக்கு நேர்மாறு. வழியில் யாராவது உதவிக்கு வந்து தங்கள் பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால், இதைச் சொல்லிய பிறகே கம்பியைப் பூட்ட விடுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியும் பூட்ட வேண்டாம். பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடித்துப் பின் மெதுவாக அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் உள்ளே முனைகள் ஒட்டியிருக்கும். ஸ்பனரால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் உயிர்க்கும். வீட்டுக்கு வந்ததும் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

கூட எடுத்துச்செல்ல வேண்டியவை: காற்று அடித்த மேலதிக சில்லு, மின்விசிறிப் பட்டி, பிளக்குகள், கொன்டென்சர், பொயின்ற், ஒரு கலன் தண்ணீர், கிறீஸ் துப்பாக்கி, எஞ்சினைக் கையால் சுற்றி முடுக்கும் ஹாண்டில். ஹாண்டிலை மறக்காதீர்கள். வன்னிக்குள் பற்றரி வருவதற்குத் தடை இருந்த காலத்தில் இந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்தது பம்பருக்கு மேலால் நுழையும் அந்த இரும்புக் கம்பிதான்.

எதை மினுக்குவது, எதைத் தொடாமல் விடுவது

கண்காட்சி என்றதும் பெயின்ற் அடிக்கும் எண்ணம் வரும். நிதானியுங்கள்.

போட்டிப் பிரிவு இருக்கும் கண்காட்சிகளில் நடுவர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்றே பொதுவாகப் பார்ப்பார்கள்: நிறம், இருக்கை, எஞ்சின், சின்னங்கள். அந்தப் போட்டியில் வெல்லப் பணமும் காலமும் வேண்டும். டட்சன் எஞ்சின் ஏறிய மைனர் அங்கே வெல்லாது. அதற்காக வருந்தத் தேவையில்லை. 'காட்சிக்கு மட்டும்' என்று பதிவுசெய்யுங்கள்.

வன்னிக் காரின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை; கிடைத்தாலும் விலை எட்டவில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே நம் மெக்கானிக்குகள் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு முடுக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார்கள். மொறிஸும் ஒஸ்ரினும் இதைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால எஞ்சின்களில் கலவை அழுத்தப்படும் விகிதம் குறைவு. பலவற்றில் ஏறத்தாழ 7க்கு 1. அதனால் தரம் குறைந்த எரிபொருளிலும் அதிகம் தட்டாமல் ஓடின. கௌலியில் எவரும் கற்பனை செய்யாத ஒரு பொறியியலை நம் கராஜ்கள் செய்துகாட்டின. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையும் இப்படி ஓடிய கார்கள்தான்.

ஆகவே உங்கள் காரில் அந்தப் போத்தலின் கொளுக்கியோ இரண்டாவது குழாயின் திருகோ இன்னும் இருந்தால் கழற்றிவிடாதீர்கள். உலோகச் சன்னம் துளைத்த இடத்தில் ஒட்டிய தகரத்தைப் புட்டி பூசி மறைக்காதீர்கள். துரு அரிக்காமல் பாதுகாப்பது வேறு, வரலாற்றை அழிப்பது வேறு. தரைத் தகடு, பிரேக், ஸ்ரியரிங் என்று பாதுகாப்பைத் தொடும் எதையும் தயங்காமல் புதுப்பியுங்கள். மற்றவற்றைக் கழுவித் துடைத்து அப்படியே விடுங்கள்.

கண்ணாடிக்கு உட்புறம் ஓர் அட்டை வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் நல்லது. இப்படி எழுதலாம்:

'மொறிஸ் 1000, 948 சிசி. எங்கள் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சினின் இடப்பக்கத்தில் தெரியும் கொளுக்கி, முடுக்குவதற்கான பெற்றோல் போத்தலைத் தாங்கியது. பின்கதவின் ஒட்டு, இடம்பெயர்வின்போது ஏற்பட்ட சேதம். நிறம் தொழிற்சாலை நிறம் அல்ல. அப்போது கிடைத்த நிறம்.'

இந்த ஐந்தாறு வரிகளை வாசிக்க ஆட்கள் நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு எது நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததைச் சேர்த்தால், தெரிந்ததையும் நம்பமாட்டார்கள்.

வீதி

இரண்டு நாள் பயணமாகத் திட்டமிடுங்கள். விடியற்காலை குளிர்ச்சியில் கிளிநொச்சியை விட்டால் முறிகண்டியில் முதல் நிறுத்தம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, அப்படியே பொனற்றைத் திறந்து ஒயிலும் தண்ணீரும் பாருங்கள். கசிவு இருந்தால் இந்த முதல் சில கிலோமீட்டரிலேயே தெரியும். வீட்டுக்குத் திரும்பவும் தூரமில்லை. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை தாண்டி வவுனியாவில் தாங்கியை நிரப்புங்கள். 1957க்கு முந்தைய மைனரின் தாங்கி 5 கலன், அதாவது 23 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. காட்டி முள்ளை நம்பிப் போகும் தூரம் இது அல்ல.

மதவாச்சியிலிருந்து அனுராதபுரம் போய், அங்கிருந்து புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக இறங்குவதையே நான் விரும்புகிறேன். மேடுபள்ளம் குறைவு, கடற்காற்றும் கிடைக்கும். அனுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். பழைய டைனமோவின் மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பகுதியை இரவில் ஓட்டவே கூடாது. அனுராதபுரத்தில் தங்கிக் காலையில் புறப்படுங்கள். சிலாபத்தில் சற்று விலகினால் முன்னேஸ்வரம், எஞ்சினுக்கும் ஓய்வு.

மணிக்கு 60 கிலோமீட்டர் நல்ல வேகம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட வால்வு இருக்கைகள் நீண்ட நேர வேகத்தில்தான் தேயும். முதல் கியருக்கு மாற்ற வேண்டுமென்றால் வண்டி நன்றாக நின்ற பிறகு மாற்றுங்கள். மைனரின் முதல் கியர் ஓட்டத்தில் இணங்காது.

திடலில்

முடிந்தவரை காலையிலேயே உள்ளே போங்கள். கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் நேரம்தான் அவற்றின் சத்தத்தைக் கேட்கக் கிடைக்கும் நேரம். மைனர் கியர் மாற்றி வேகம் குறைக்கும்போது புகைக்குழாய் எழுப்பும் அந்த உறுமலை நின்ற காரில் கேட்க முடியாது.

முதல் சுற்றில் எதையும் விசாரிக்காமல் முழுத் திடலையும் நடந்து பாருங்கள். இரண்டாம் சுற்றில் உங்கள் காரை ஒத்த வருடத்துக் கார்களிடம் மட்டும் போங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். குழந்தையை இருக்கையில் உட்காரவைக்க ஆசைப்பட்டாலும் உரிமையாளரிடம் கேட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். இடுப்புப்பட்டியின் கொளுக்கி பெயின்றில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர்களில் பலர் வயதானவர்கள். பேச ஆள் கிடைத்தால் மகிழ்பவர்கள். 'ஐயா, இது எத்தனையாம் ஆண்டு?' என்பதோடு நிறுத்தாமல், கதவு ரப்பர் எங்கே வாங்கினீர்கள், ரனியனை யார் மாற்றித் தந்தார், தரைத் தகட்டை யார் வளைத்தார் என்று கேளுங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். பொனற் திறந்திருக்கும் இடத்தில் விரலால் சுட்டியே ஒரு மணிநேரம் உரையாடலாம். உங்கள் காருக்கு முன் நின்று சண்டைக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், நடந்ததை நேராகச் சொல்லுங்கள். கேட்டவரும் அங்கே சீருடையில் இருந்தவராக இருக்கலாம், அங்கே ஒருவரை இழந்தவராகவும் இருக்கலாம். குரலை உயர்த்தாமல், எதையும் மறைக்காமல் பேசுங்கள்.

படம் எடுக்கும்போது முழுக் காரை ஒரு படம் எடுத்தால் போதும். மீதியை உங்கள் காரில் இல்லாத பாகங்களுக்கு ஒதுக்குங்கள்: விரிப்பின் விளிம்பு, கம்பிகள் போகும் பாதை, ரப்பர்கள் அமரும் விதம், பொனற்றுக்கு உள்ளே இருக்கும் இலக்கத் தகடு. கராஜில் சந்தேகம் வரும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

உதிரிப்பாகம்

விற்பனை மேசைகள் இருந்தால் அங்கே பணத்தைவிடப் பட்டியல் முக்கியம். வீட்டிலேயே எழுதி வாருங்கள். அளவு தேவைப்படும் பாகத்தின் பழைய துண்டையும் பையில் போட்டு வாருங்கள். ரப்பர், பிரேக் பாகங்கள், ரனியன் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த 'புதிய' ரப்பர் உள்ளே இறுகியிருக்கும். வளைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சின்னங்கள், கைப்பிடிகள், கண்ணாடிகள் பழையவையாக இருப்பதே நல்லது.

மைனருக்கு இங்கிலாந்தில் இன்னும் புதிய பாகங்கள் உற்பத்தியாகின்றன. தனியாகத் தருவித்தால் அனுப்பும் செலவு பாகத்தின் விலையை மிஞ்சும். வன்னியில் மைனர் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பதே வழி. அந்த நாலைந்து பேரை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் கண்காட்சியே இடம். மூன்றாம் தொடர் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தியாவிலுள்ள உறவினரிடம் அம்பாசடர் பாகங்களைக் கேட்கலாம். வாங்குமுன் பழையதோடு அளந்து பாருங்கள், பிந்தைய அம்பாசடர்களில் நிறைய மாறிவிட்டது.

வீடு வந்த பிறகு

மறுநாளே காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு வரை கடலோரம் ஓடியிருக்கிறது. சில்லு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். கிறீஸ் அடியுங்கள். வாங்கிய தொலைபேசி இலக்கங்களுக்கு அந்த வாரத்துக்குள் ஒரு தடவை அழைத்து, இன்னார் என்று நினைவுபடுத்திவிடுங்கள்.

பிறகு ஒரு கொப்பியையும் எடுத்த படங்களையும் கொண்டு உங்கள் ஊரின் பழைய மெக்கானிக்கிடம் போங்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சினை மாற்றியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. எந்தக் காருக்கு எவ்வளவு நேரம் பின்தள்ளினார், எந்தக் குழாயை எங்கே வெட்டினார், பிளக் கரிபிடித்தால் என்ன செய்தார் என்பதெல்லாம் எந்தத் தொழிற்சாலைக் கையேட்டிலும் இல்லை. அவர் சொல்வதை எழுதுங்கள். அவர் அனுமதித்தால் குரலையும் பதிவுசெய்யுங்கள். அடுத்த கண்காட்சிக்கு அவரையும் முன் இருக்கையில் அழைத்துச் செல்லுங்கள்; கேட்பவர்களுக்கு உங்களைவிட அவர் நன்றாக விளக்குவார்.